இன்னும் நாலாயிரம் போட்டால்...

என் பெரியப்பா மகன் ஒருவர் தாம்பரத்தில் இருக்கிறார். எனக்கு அண்ணன் முறை. மெடிக்கல் ஷாப், மளிகைக்கடை, ரெண்டு ரைஸ் மில் என்று ஒரு 40 பேருக்குக் கணக்கு எழுதி, ஜி.எஸ்.டி. ரிட்டர்ன் போட்டுக் கொடுப்பது தொழில். கடந்த ஏழு வாரமாக அவர் ஒரு லேப்டாப் வாங்கிக் கொண்டிருக்கிறார்.

வாங்கிக் கொண்டிருக்கிறார் என்றால், இன்னும் வாங்கவில்லை என்று அர்த்தம்.

இதற்காக ஓர் எக்ஸெல் ஷீட் போட்டு வைத்திருக்கிறார். குறுக்கே 14 மாடல்கள். கீழே 22 வரிசைகள். பிராசஸர், ராம், எஸ்.எஸ்.டி., திரையின் பிரகாசம், பேட்டரி, எடை, கீபோர்டில் விளக்கு எரியுமா, சார்ஜர் எத்தனை வாட்ஸ், சர்வீஸ் சென்டர் எத்தனை கிலோமீட்டர் என்று ஒன்று பாக்கியில்லை. நல்ல மார்க் வாங்கிய கட்டத்துக்குப் பச்சை, தோற்றதுக்குச் சிவப்பு. கணக்குப்பிள்ளை ரத்தம், சும்மா விடுமா?

இதில் வேடிக்கை என்னவென்றால், அந்த ஷீட் ஓடுவது அவர் தூக்கிப்போட நினைக்கும் பழைய லேப்டாப்பில். 2017-ல் வாங்கியது. அத்தனை கலர், அத்தனை ஃபார்முலாவையும் அது மூச்சுத் திணறாமல் தாங்குகிறது. தனக்குப் பதிலாக யார் வரவேண்டும் என்ற கணக்கை அதுவே பொறுமையாகப் போட்டுக் கொடுத்துக்கொண்டிருக்கிறது, பாவம்.

அண்ணனைக் கிண்டல் செய்ய இதை எழுதவில்லை. அவருக்குப் புது மிஷின் நிஜமாகவே வேண்டும். விண்டோஸ் 10-க்கு வழக்கமாக வந்துகொண்டிருந்த பாதுகாப்பு அப்டேட்கள் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு நின்றுபோயின. தனியாகப் பதிவு செய்துகொள்கிறவர்களுக்கு மட்டும் ஒரு வருஷ நீட்டிப்பு. விண்டோஸ் 11-க்கு மாறலாம் என்றால், அதற்கு அங்கீகரிக்கப்பட்ட பிராசஸர் பட்டியலில், சில விதிவிலக்குகள் போக, இன்டெலின் எட்டாம் தலைமுறையில் இருந்துதான் இடம். அண்ணனுடையது ஏழாம் தலைமுறை. 40 பேருடைய பான் நம்பரும் பேங்க் விவரமும் உள்ளே இருக்கிற மிஷினைப் பூட்டு இல்லாத வீடு மாதிரி வைத்திருக்க முடியுமா? முடியாது. ஆகவே வாங்க வேண்டுமா என்பது கேள்வியே இல்லை. எதை வாங்குவது என்பதுதான் கேள்வி. சின்னக் கேள்வி மாதிரிதான் தெரிகிறது.

முதலில் அவர் போட்ட பட்ஜெட் 45,000 ரூபாய். அதில் 8 ஜி.பி. ராம் உள்ள மாடல் ஒன்று வந்தது. இன்னும் நாலாயிரம் போட்டால் 16 ஜி.பி. நாலாயிரத்துக்குப் பார்த்துக்கொண்டு நாளைக்குத் திண்டாடுவானேன்? சரி, 49. அந்த விலையில் திரை கொஞ்சம் மங்கல். இன்னும் ஆறாயிரத்தில் பளிச்சென்று ஒன்று. வயது 50-ஐத் தாண்டிவிட்டது, கண் முக்கியம். சரி, 55. பாடி பிளாஸ்டிக்காக இருக்கிறதே? 62-க்குப் போனால் மெட்டல். அங்கே போனபிறகு, இதே கம்பெனியின் அடுத்த பிராசஸர் வெறும் எட்டாயிரம்தான் அதிகம் என்று தெரிகிறது. அப்புறம் எடை. அப்புறம் ஓ.எல்.இ.டி. திரை. அப்புறம், செயற்கை நுண்ணறிவுக்கென்றே தனியாக ஒரு சிப். அது எதற்கு என்று கேட்டேன். “வரப்போற காலத்துக்குடா” என்றார். போன ஞாயிற்றுக்கிழமை பார்த்தபோது ஷீட்டின் பச்சைக்கட்டம் 96,000-ல் வந்து நின்றிருந்தது.

இந்தப் படிகளில் எதையும் முட்டாள்தனம் என்று சொல்ல முடியாது. ஒவ்வொன்றுக்கும் காரணம் இருக்கிறது. 45-ல் இருப்பவரிடம் போய் “96 கொடு” என்று கேட்டிருந்தால் விரட்டியிருப்பார். நாலு, ஆறு, ஏழு என்று கேட்டதால் கொடுத்துவிட்டார். நியாயமான பத்துப் படிகளில் ஏறி நியாயமில்லாத மாடிக்குப் போய்விட முடியும் என்பது எவ்வளவு விநோதம்!

கி.மு. நாலாம் நூற்றாண்டில் கிரேக்கத்தில் யூபுலிடீஸ் என்று ஒருவர் இருந்தார். நெல் குவியல் புதிர் என்று நாம் சொல்லலாம், அது அவர் பெயரில்தான் வழங்குகிறது. ஒரு குவியலில் இருந்து ஒரு மணியை எடுத்தால் அது குவியல் இல்லை என்று ஆகிவிடுமா? ஆகாது. இன்னொன்று? அப்போதும் ஆகாது. இப்படியே எடுத்துக்கொண்டே போனால், கடைசி ஒற்றை மணியையும் குவியல் என்றுதான் சொல்ல வேண்டியிருக்கும். எந்த மணியை எடுத்தபோது குவியல் காணாமல் போனது? 2,300 வருஷமாகத் தத்துவக்காரர்கள் இதற்குப் பதில் தேடுகிறார்கள். நம் அண்ணன் அதே புதிரை இந்தப்பக்கமிருந்து போட்டுப் பார்க்கிறார். நாலாயிரம் நாலாயிரமாகக் கொட்டினால், எந்த நாலாயிரத்தில் தேவை முடிந்து ஆசை ஆரம்பிக்கிறது?

ஷீட்டைப் பார்த்தால் தெரியாது. ஏனென்றால் ஒப்பிட்டுப் பார்ப்பதற்குத் தெரிந்த ஒரே வார்த்தை ‘அதிகம்’. இது அதைவிட வேகம், அது இதைவிட லேசு என்று அது வரிசைப்படுத்திக் கொடுக்கும். ‘போதும்’ என்ற வார்த்தை அதன் அகராதியில் கிடையாது. 14 மாடலை ஒப்பிட்டாலும் சரி, 140-ஐ ஒப்பிட்டாலும் சரி.

பி.காம். முதல் வருஷத்தில் எங்களுக்கு ஒரு பாடம் உண்டு. குறைந்து செல் இறுதிநிலைப் பயன்பாட்டு விதி. பெயரைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், விஷயம் இட்லிதான். பசியோடு உட்கார்ந்தவனுக்கு முதல் இட்லி அமிர்தம். நாலாவது, பரவாயில்லை. ஏழாவது இட்லி தண்டனை. ஒரே பொருள், தட்டில் ஏற ஏற மதிப்பு இறங்கும். எல்லாப் பாடப் புத்தகமும் இதைச் சாப்பிடும் பொருளை வைத்தே விளக்கும். ஏன் என்று அப்போது யோசித்ததில்லை. வயிறு இருக்கிறது, அதனால்.

தானத்தில் அன்னதானம் ஏன் உசத்தி என்று கிராமத்தில் ஒரு விளக்கம் சொல்வார்கள். பொன் கொடு, நிலம் கொடு, வாங்குகிறவன் ‘போதும்’ என்று சொல்லவே மாட்டான். சோறு போட்டால்தான் சொல்வான். பந்தியில் பார்த்திருப்பீர்கள். சாம்பார் வாளி வருகிறது, பாயசம் வருகிறது, பரிமாறுகிறவர் கேட்டுக்கொண்டே இருக்கிறார். சாப்பிடுகிறவர் ஒரு கட்டத்தில் இலையின் மேல் குறுக்கே கையை நீட்டி மறைக்கிறார். அந்தக் கையை நீட்டச் சொன்னது வயிறு. பக்கத்து இலை சொல்லவில்லை.

லேப்டாப்புக்கும் ஒரு வயிறு இருக்கிறது. நாம் அதில் செய்கிற வேலைதான் அது. அண்ணனின் வேலை என்ன? டேலி, எக்ஸெல், வரிக்கான இணையதளங்கள், வாட்ஸ்அப் வெப், பிரின்ட் எடுப்பது. ராத்திரியில் பழைய பாட்டு. அவ்வளவுதான். கடைசித் தேதியன்று ஒரு இணையதளம் சுற்றிக்கொண்டே நின்றால் உலகத்திலேயே வேகமான பிராசஸர் வந்தாலும் கூடச் சேர்ந்து காத்திருக்கத்தான் வேண்டும். இந்த வேலையை எந்த வரிசையிலும் அவர் எழுதவில்லை. 22 வரிசையும் இலையைப் பற்றி. வயிற்றைப் பற்றி ஒன்றுகூட இல்லை.

*

இந்த இடத்தில் ஒருவரை நினைவுபடுத்த வேண்டும். ஆடம் ஆஸ்பர்ன்.

தூக்கிக்கொண்டு போகக்கூடிய கம்ப்யூட்டரை முதன்முதலாகக் கடையில் வெற்றிகரமாக விற்றுக் காட்டிய மனிதர். 1981-ல் வந்த ஆஸ்பர்ன்-1. தூக்கலாம் என்றால் தையல் மிஷினைத் தூக்குகிற மாதிரி. எடை சுமார் 11 கிலோ. திரை 5 அங்குலம். நினைவகம் 64 கே.பி. உள்ளே பேட்டரி கிடையாது, போகிற இடத்தில் பிளக் பாயின்ட் இருக்க வேண்டும். விலை 1,795 டாலர். ஆனால் கடிதம் அடிக்கவும் கணக்குப் போடவும் தேவையான சாஃப்ட்வேர்களை அதே விலைக்குள் சேர்த்துக் கொடுத்தார். அந்த நாளில் அவற்றைத் தனியாக வாங்கினாலே கிட்டத்தட்ட அந்தப் பணம் ஆகும். மக்கள் அள்ளிக்கொண்டு போனார்கள்.

அவருடைய வியாபாரக் கொள்கை ரொம்ப எளிமை. வேலைக்குப் போதுமானதாக இருந்தால் போதும், மற்றதெல்லாம் அநாவசியம். இதை வெளிப்படையாகவே சொன்னவர். கம்ப்யூட்டர் விற்கிற ஒருவர் வாயில் இருந்து இப்படி ஒரு வார்த்தை வந்தது என்பதே ஆச்சரியம்.

இன்னோர் ஆச்சரியம் இருக்கிறது. இவர் ஆர்தர் ஆஸ்பர்னின் மகன். ரமண மகரிஷியின் பக்தர், அவரைப் பற்றி ஆங்கிலத்தில் புத்தகங்கள் எழுதியவர், ஆசிரமத்தின் ‘மவுன்டன் பாத்’ பத்திரிகையைத் தொடங்கியவர் என்று அறியப்படும் அதே ஆர்தர் ஆஸ்பர்ன். ஆடமின் சின்ன வயது திருவண்ணாமலையில் கழிந்தது. கோவணத்தோடு வாழ்ந்த ஒரு மனிதரை அருகில் இருந்து பார்த்த பையன், பிற்காலத்தில் அமெரிக்காவில் ‘போதுமானது போதும்’ என்று சொல்லிக் கம்ப்யூட்டர் விற்றான். அங்கே கற்றதைத்தான் இங்கே செய்தான் என்று முடிச்சுப் போட நான் தயாரில்லை. கதை அழகாக இருக்கிறது என்பதற்காக அது உண்மையாகிவிடாது.

அதற்குப் பிறகு நடந்தது வியாபாரப் பள்ளிகளில் பாடமாகவே இருக்கிறது. 1983-ல், அடுத்து இதைவிட நல்ல மாடல் வரப்போகிறது என்று கம்பெனி முன்கூட்டியே சொல்லிவிட்டது. இதைக் கேட்ட வியாபாரிகள் கையில் இருந்த ஆர்டரை நிறுத்தினார்கள். புதுசு வரட்டும், பார்க்கலாம். புதுசு வந்து சேருவதற்குள் பழசு விற்காமல் தேங்கி, அந்த செப்டம்பரிலேயே கம்பெனி திவால். இதற்கு ‘ஆஸ்பர்ன் விளைவு’ என்று பெயரே வந்துவிட்டது.

கதையில் இன்னொரு பாதி உண்டு. இதை மட்டும் காரணமாகச் சொல்வது சரியில்லை என்று சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். நிர்வாகக் குளறுபடி ஒருபக்கம். இன்னொரு பக்கம் கேப்ரோ என்று ஒரு போட்டிக் கம்பெனி, 9 அங்குலத் திரையோடு ஒரு மிஷினைக் கொண்டுவந்தது. விலை அதே 1,795 டாலர். எதிர்க்கடையில் 9 அங்குலம் வந்ததும், நேற்று வரைக்கும் போதுமாக இருந்த 5 அங்குலம் போதவில்லை.

யோசித்துப் பாருங்கள். ஆஸ்பர்னின் மிஷினில் ஒரு திருகாணி மாறவில்லை. வாங்குகிறவரின் வேலையும் மாறவில்லை. பக்கத்தில் வேறொன்று வந்து உட்கார்ந்தது, அவ்வளவுதான். இது மனித மனத்தின் அற்பத்தனம் என்று ஒரு உபதேசம் செய்யலாம். ஆனால் 5 அங்குலத் திரையில் நாள் முழுக்க எழுத்தை முறைத்துப் பார்த்தவனின் கண்ணைக் கேட்டால் வேறு கதை சொல்லும். அவனுக்கு அது முதலில் இருந்தே போதாமல்தான் இருந்திருக்கும். வேறு வழியில்லாததால் சும்மா இருந்திருப்பான். ‘உனக்கு இது போதும்’ என்று சொன்னது விற்றவர்தானே தவிர, வாங்கியவர் இல்லை.

இது முக்கியம். கொஞ்ச நேரம் கழித்து இதற்குத் திரும்பி வருகிறேன்.

*

ஆஸ்பர்ன் விளைவு விற்கிறவனுக்கு மட்டும் நடப்பதில்லை. வாங்குகிறவனையும் பிடிக்கும். “அடுத்த மாசம் புது சிப் வருதாம். தீபாவளி ஆஃபர் வந்துடட்டும். பொங்கலுக்கு இன்னும் குறையும்.” லேப்டாப் உலகத்தில் அடுத்த மாசம் என்பது எல்லா மாசமும் உண்டு.

அண்ணனிடம் ஒரு கணக்குக் கேட்டேன். வாரத்தில் ஆறு நாள், ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு ஒன்றரை மணி நேரம் அந்த ஷீட். ஏழு வாரம். மொத்தம் 63 மணி நேரம். வாடிக்கையாளர்களிடம் அவர் வாங்கும் கூலிக்கு அந்த நேரத்தைப் பெருக்கிப் பார்த்தால், மாடலுக்கு மாடல் இருக்கிற விலை வித்தியாசம் எப்போதோ கரைந்துவிட்டது. ஒன்றைத் தேடுவதற்காக விட்டுக்கொடுக்கிற இன்னொன்றையும் செலவில் சேர்க்கச் சொல்லி எங்கள் பாடத்தில் இருந்தது. ஆனால் அதற்கு வவுச்சர் கிடையாது. அதனால் யாரும் எழுதுவதில்லை.

ஹெர்பர்ட் சைமன் என்ற அமெரிக்கர் இதைத்தான் ஆராய்ந்தார். 1978-ல் பொருளாதார நோபல் வாங்கியவர். அவருக்கு முந்தைய பொருளாதாரப் புத்தகங்களில் ஒரு மனிதன் வருவான். இருக்கிற எல்லா வழிகளையும் அறிவான், எல்லாவற்றையும் எடைபோடுவான், ஆகச் சிறந்ததைத் தேர்ந்தெடுப்பான். சைமன் கேட்டார்: அப்படி ஒரு ஆளை எங்கே பார்த்தீர்கள்? நமக்கு நேரம் கொஞ்சம், தகவல் அரைகுறை, மூளைக்கும் ஓர் அளவு உண்டு. நிஜ மனிதன் செய்வது வேறு. முதலில் ஒரு கோடு போட்டுக்கொள்கிறான். தேடும்போது அந்தக் கோட்டைத் தாண்டுகிற முதல் பொருளை எடுத்துக்கொண்டு வேறு வேலையைப் பார்க்கப் போகிறான். இதற்கென்றே 1956-ல் ஒரு புது ஆங்கிலச் சொல்லைத் தன் கட்டுரையில் கொண்டுவந்தார். ‘திருப்தி’, ‘போதும்’ என்ற ரெண்டையும் ஒட்டவைத்த மாதிரியான சொல்.

இது சோம்பேறிகளின் தத்துவம் என்று தோன்றலாம். கோட்டைத் தாழ்வாகப் போடு என்று அவர் சொல்லவில்லை என்பதைக் கவனியுங்கள். தேடப் போவதற்கு முன்னால் கோட்டைப் போடு என்பதுதான் விஷயம். கடைக்குள் போய்விட்டால் கோடு நம் கையில் இருக்காது. கடை போட்டுக் கொடுக்கும்.

*

சரி, கோட்டை எங்கே போடுவது? வேலையைப் பார்த்துப் போடு என்கிறேன். இங்கே ஒரு சிக்கல் இருக்கிறது. எந்த வேலை? இன்றைக்குச் செய்கிறதா, நாளைக்குச் செய்யப் போகிறதா?

நம்மில் பலபேர் லேப்டாப் வாங்குவது இன்றைக்கு இருக்கிற நமக்காக இல்லை. வரப்போகிற ஒருவருக்காக. அவர் வீடியோ எடிட் செய்வார். ஆன்லைனில் படித்து இன்னொரு பட்டம் வாங்குவார். விடியற்காலையில் எழுந்து நாவல் எழுதுவார். ரொம்ப நல்ல மனிதர், நம் வீட்டுக்கு இன்னும் வந்து சேரவில்லை. அவருக்குத்தான் அந்த 32 ஜி.பி. ராம்.

சிரிக்கலாம். ஆனால் முழுசாகச் சிரித்துவிடக் கூடாது. டி.டி.பி. சென்டரில் டைப் அடித்துக்கொண்டிருந்த ஒரு பெண்மணியை எனக்குத் தெரியும். கல்யாணப் பத்திரிகை டிசைன் செய்யக் கற்றுக்கொள்கிறேன் என்று, மாதத் தவணையில் தன் வேலைக்குத் துளியும் தேவையில்லாத ஒரு மிஷினை வாங்கினார். வீட்டில் திட்டினார்கள். இன்றைக்கு அவர் நாலு பேருக்குச் சம்பளம் கொடுக்கிறார். ‘இன்றைய வேலைக்கு இது போதும்’ என்று அன்றைக்கு யாராவது அவரைத் தடுத்திருந்தால்?

அந்தப் பெண்மணிக்கும் நம் நாவலாசிரியருக்கும் என்ன வித்தியாசம்? நான் பார்த்தவரைக்கும் ஒன்றுதான். அவர் சென்டரில் இருந்த பழைய மிஷினிலேயே, எல்லோரும் போன பிறகு உட்கார்ந்து ஆரம்பித்துவிட்டார். படம் திறக்க அஞ்சு நிமிஷம் ஆகும், நடுவில் தொங்கிவிடும், மறுபடி போடுவார். பழைய மிஷின் அவரைத் தடுத்தது, அதனால் புதுசு வாங்கினார். நாவலாசிரியரை எந்த மிஷினும் தடுக்கவில்லை. கதை எழுத நோட்டுப் புத்தகமே போதும். புதுசு வந்தால் ஆரம்பிப்பேன் என்கிறவர், வந்த பிறகு வேறு ஒன்றுக்காகக் காத்திருப்பார்.

*

இப்போது ‘உனக்கு இது போதும்’ என்ற வாக்கியத்துக்கு வருகிறேன்.

அண்ணனுக்கு ஒரே பெண். ஆர்க்கிடெக்சர் இரண்டாம் வருஷம். கட்டடங்களின் முப்பரிமாணப் படங்களோடு மல்லுக்கட்டுகிற படிப்பு. கல்லூரி லேபில் சாயங்காலம் வரைக்கும் இருந்து முடித்துவிட்டு வருகிறாள். வீட்டில் அவளுக்கென்று மிஷின் இல்லை. புதுசு வந்ததும் என்ன ஏற்பாடு என்று அண்ணன் முடிவு செய்து வைத்திருக்கிறார். “பழசைத் துடைச்சு அவகிட்ட குடுத்துடலாம். படிக்கிற பொண்ணுதானே, அதுக்கு இது போதும்.”

அவளிடம் கேட்டேன். சிரித்தாள். “அதுல ஒரு படத்தைத் திறக்கச் சொல்லிட்டு நான் காபி போட்டுக் குடிச்சு, டம்ளரையும் கழுவி வெச்சுட்டு வந்துடலாம் சித்தப்பா.”

“அப்பாகிட்ட சொன்னியா?”

“அப்பா ஷீட்டுல பிஸியா இருக்கார்.”

ஒரே வீடு, ஒரே மிஷின், ஒரே மனிதர். ரெண்டு அளவுகோல். எண்ணும் எழுத்துமாக இருக்கிற தன் வேலைக்கு அந்த மிஷின் போதாது, ஏனென்றால் உலகத்தில் அதைவிட நல்லதாகப் பதினாலு இருக்கிறது. நாலு மடங்கு சக்தி கேட்கிற மகளின் வேலைக்கு அது போதும், ஏனென்றால் அவள் படிக்கிற பெண். தனக்கு அளக்கும்போது பக்கத்து இலையைப் பார்க்கிறார். மகளுக்கு அளக்கும்போது பரிமாறுகிற இடத்தில் நின்றுகொண்டு ‘போதும்’ என்கிறார். அவர் கெட்ட அப்பா இல்லை. அவள் ஃபீஸுக்காக நகையை வைத்தவர். இதை அவர் கவனிக்கவே இல்லை, அதுதான் விஷயம்.

அவரை மட்டும் சொல்வானேன்? எந்த ஆபீசுக்கு வேண்டுமானாலும் போய்ப் பாருங்கள். மெயில் மட்டும் பார்க்கிற மேலதிகாரிக்கு விசிறி மாதிரி மெல்லிசான, கம்பெனியிலேயே உசத்தியான லேப்டாப். நாளெல்லாம் அதிலேயே கிடக்கிற டேட்டா என்ட்ரி பையனுக்கு, ஸ்பேஸ் பாரை ரெண்டு தடவை அழுத்தினால் ஒரு தடவை வேலை செய்கிற மிஷின். 2011-ல் அரசுப் பள்ளி, அரசு உதவிபெறும் பள்ளி மாணவர்களுக்கு இலவச லேப்டாப் கொடுக்கத் தொடங்கியபோது, “இதுங்களுக்கு எதுக்கு லேப்டாப், சினிமா பார்க்கவா?” என்று கேட்டவர்களை எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அவர்கள் வீட்டில் எல்லாம் லேப்டாப் இருந்தது. சினிமாவும் பார்த்தார்கள்.

‘போதுமென்ற மனம்’ பற்றிய பழமொழியைச் சின்ன வயதில் இருந்து கேட்டு வளர்ந்தவர்கள் நாம். அருமையான பழமொழி. ஆனால் அதை நாம் பெரும்பாலும் அடுத்தவருக்குத்தான் சொல்கிறோம். பந்தியில் பரிமாறுகிறவர் ‘உனக்குப் போதும்’ என்று வாளியைத் திருப்பிக்கொண்டு போனால் அதற்குப் பெயர் வேறு. அந்த வார்த்தை சாப்பிடுகிறவருடையது. இலக்கணத்தில் ‘போதும்’ என்பதைத் தன்மை, முன்னிலை, படர்க்கை என்று மூன்று இடத்திலும் பயன்படுத்தலாம். எனக்குப் போதும், உனக்குப் போதும், அவளுக்குப் போதும். தர்மத்தில் அதற்குத் தன்மை ஒன்றுதான் உண்டு.

அப்படியானால் பிள்ளைகள் கேட்டதையெல்லாம் வாங்கிக் கொடுத்துவிட முடியுமா? முடியாதுதான். கையில் இருப்பது இவ்வளவு என்று சொல்வது வேறு, உனக்குத் தேவை இவ்வளவு என்று சொல்வது வேறு. முதலாவது உண்மை, எந்தப் பிள்ளையும் புரிந்துகொள்ளும். ரெண்டாவது, அவள் வயிற்றை நாம் அளப்பது. 96-ல் 45 போனால் 51. அந்த 51 ஆயிரத்தில் அவளுக்கு வேண்டியது முழுசாக வராமல் போகலாம். ஆனால் 51 ஆயிரத்தைக் கையில் வைத்துக்கொண்டு அவளை உட்காரவைத்துப் பேசலாம். ஷீட்டில் அவளுக்கு ஒரு வரிசை வரும்.

இதைச் சொன்னபோது அண்ணன் கோபப்படவில்லை. கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு ஒன்று கேட்டார். “இருபத்தஞ்சு வருஷமா அடுத்தவன் கணக்கை எழுதிட்டிருக்கேன். எனக்குன்னு ஒரு நல்ல பொருள் வெச்சுக்கக் கூடாதாடா?”

இந்தக் கேள்வியை லேசாகத் தள்ளிவிட முடியாது. திறக்கும்போது சந்தோஷம் தருகிற ஒரு பொருளை, உழைத்துச் சம்பாதித்தவன் ஏன் வைத்துக்கொள்ளக் கூடாது? தாராளமாக வைத்துக்கொள்ளலாம். ஆசைப்படுவதைக் குற்றம் என்று நான் எங்கேயும் சொல்லவில்லை. அதை எந்தத் தலைப்பில் எழுதுகிறோம் என்பதைத்தான் கேட்கிறேன்.

கணக்கியலில் ‘எடுப்புகள்’ என்று ஒரு தலைப்பு உண்டு. முதலாளி தன் சொந்தச் செலவுக்காகத் தொழிலில் இருந்து எடுக்கிற பணத்தை அதில்தான் எழுத வேண்டும். குடும்பத்தோடு ஊட்டிக்குப் போய்விட்டு வந்து அதை வியாபாரப் பயணம் என்று எழுதச் சொல்கிற வாடிக்கையாளர்கள் உண்டு. அண்ணன் விடமாட்டார். “தாராளமா போயிட்டு வாங்க முதலாளி. ஆனா எடுப்புல எழுதுங்க” என்பார். இதில் அவர் கறார்.

45 ஆயிரம் தொழிலுக்கு. மீதி 51 ஆயிரம் எடுப்பு. அந்த ஷீட்டின் பச்சையும் சிவப்பும் சேர்ந்து ஏழு வாரமாகச் செய்த காரியம், எடுப்பைத் தொழில் செலவாக மாற்றி எழுதியதுதான். ஒவ்வொரு வரிசைக்கும் ஒரு நியாயம், ஒவ்வொரு நியாயத்துக்கும் நாலாயிரம். ‘எனக்கு இது பிடித்திருக்கிறது, அதனால் வாங்குகிறேன்’ என்று நேராக எழுதிவிட்டால் அடுத்த கேள்வி தானாக வந்துவிடும். இந்த ஆசை 51 ஆயிரம் பெறுமா? அந்தப் பணம் கேட்டுக்கொண்டு நிற்கிற வேறு இடம் ஏதாவது உண்டா? ‘தேவை’ என்று எழுதிவிட்டால் இந்தக் கேள்விக்கே வேலையில்லை. தேவையை யார் கேள்வி கேட்பார்கள்?

தேவை என்ற தலைப்பில் நாம் எல்லோரும் சேர்ந்து எழுதுவது எங்கே போய்ச் சேர்கிறது என்பதற்கும் கணக்கு இருக்கிறது. 2022-ஆம் வருஷம் மட்டும் உலகத்தில் சேர்ந்த மின்னணுக் குப்பை 6.2 கோடி டன். முறையாகச் சேகரித்து மறுசுழற்சி செய்ததாகப் பதிவானது அதில் கால் பங்குக்கும் குறைவு. மீதியில் ஒரு பகுதி டெல்லி சீலம்பூர் மாதிரி இடங்களில் வெறும் கையால் பிரிக்கப்படுகிறது. பிரிக்கிறவர்களின் நுரையீரலுக்கும் ஷீட்டில் வரிசை கிடையாது.

நீங்களும் இந்த வருஷம் ஒன்று வாங்கப் போகிறீர்கள் என்றால், சின்ன யோசனை. கடைக்கோ இணையத்துக்கோ போகும் முன் ஒரு வெள்ளைத்தாளை எடுங்கள். போன மாதம் உங்கள் பழைய மிஷின் உங்களைத் தடுத்த இடங்களை எழுதுங்கள். தடுத்ததாக நினைவில்லை என்றால் அதையும் எழுதுங்கள். பழைய மிஷின் அடுத்து யாரிடம் போகப் போகிறதோ, அவரைப் பக்கத்தில் உட்காரவைத்து அவர் வேலையையும் அதே தாளில் எழுதச் சொல்லுங்கள். கீழே ஒரு கோடு போட்டு, கோட்டுக்கு மேலே தொகையையும் தேதியையும் எழுதுங்கள். ஆசைப்பட்டு வாங்க நினைப்பதைக் கோட்டுக்குக் கீழே, ஆசை என்றே பெயர் போட்டு எழுதுங்கள். வெட்கப்பட ஒன்றுமில்லை, உங்கள் பணம். அப்புறம் கோட்டைத் தாண்டுகிற முதல் மிஷினை வாங்கிக்கொண்டு வந்துவிடுங்கள்.

வாங்கிய பிறகு ஒரு மாதத்துக்கு விலைப்பட்டியல் பக்கம் போகாதீர்கள். உங்களுடையதைவிட நல்லதாக ஒன்று, நாலாயிரம் குறைவாகக் கட்டாயம் வந்திருக்கும்.